பாஸ்கா இரவில் தமிழுக்கு என்ன இடம்? பினாங்கு கத்தோலிக்கப் பங்குகளில் இருப்போர் சொல்லுங்கள்

ரெலாவ்_அக்கா
ஞாயிறு, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். தவக்காலம் தொடங்கிவிட்டது. எங்கள் பங்கில் புனித வாரத்துக்கான கூட்டம் வரும் வியாழக்கிழமை இரவு. தமிழ்ப் பாடகர் குழுவும் தமிழ் வாசகர்களும் என் பொறுப்பில் இருப்பதால் நான் போயாக வேண்டும். அதற்கு முன் மற்ற பங்குகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. எங்கள் பங்கின் பெயர் வேண்டாம். தீவில் இருக்கிறது, அது போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஆங்கிலம், சீனம், தமிழ் என்று தனித்தனிப் பூசை. மாதத்தில் ஒரு முறை மலாய்ப் பூசையும் உண்டு. புனித வாரத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றாக. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் சனிக்கிழமை இரவுப் பாஸ்கா திருவிழிப்பில், இயேசு உயிர்த்ததைக் கொண்டாடும் அந்த இரவு வழிபாட்டில், தமிழ் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே வருகிறது. முன்பெல்லாம் ஒரு முழு விவிலிய வாசகம், அது முடிந்ததும் மக்கள் பாடும் பதிலுரைப்பாடல், காணிக்கைப் பாடல் எல்லாம் தமிழில் இருக்கும். அப்புறம் நேரம் போதவில்லை என்று வாசகம் போனது. வாசகம் போனதால் பதிலுரைப்பாடலும் போனது. போன ஆண்டு மிஞ்சியது ஒரு மன்றாட்டும், எல்லோரும் நற்கருணை வாங்கி உட்கார்ந்த பிறகு ஒரு பாட்டும்தான்.

யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் நல்லவர்கள், கோயிலுக்காக ஓடி ஓடி உழைக்கிறவர்கள். ஆனால் எதையாவது குறைக்க வேண்டும் என்று வரும்போது, யார் சத்தம் போடமாட்டார்களோ அவர்களுடையதைக் குறைப்பது சுலபமாகிவிடுகிறது.

இப்போது எங்கள் பெரியவர்கள் சனிக்கிழமை இரவு வருவதையே விட்டுவிட்டார்கள். "ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசை போதும்மா" என்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டு முழுவதும் திருச்சபை இந்த ஓர் இரவை நோக்கித்தான் நடக்கிறது. புது நெருப்பு, பாஸ்கா திரி, தண்ணீர் மந்திரிப்பது, புதியவர்கள் திருமுழுக்குப் பெறுவது, இவை எல்லாமே அந்த இரவில்தான். அறுபது எழுபது ஆண்டுகளாக இந்த விசுவாசத்தைக் காத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் அன்றைக்கு வீட்டில் இருக்கக் கூடாது.

உங்கள் பங்கில் எப்படிப் பிரிக்கிறீர்கள்? நான் எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம்?

---

பட்டர்வொர்த்_வாசகர்
ஞாயிறு, இரவு 10.15

அக்கா, இந்தப் பக்கத்திலும் அதே கதை இருந்தது. மொழிக்கு இத்தனை நிமிடம் என்று பிரித்துப் பார்த்தோம். சரிப்படவில்லை. ஒவ்வொரு குழுவும் தன் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தது. செபிக்க யாருக்கும் மனம் இல்லை.

பிறகு பகுதியாகப் பிரிக்கத் தொடங்கினோம். ஒரு வாசகம், அதன் பதிலுரைப்பாடல், அதற்குப் பிறகு குரு சொல்லும் செபம் இந்த மூன்றும் ஒரே மொழியில். அதை எந்தக் காரணத்துக்காகவும் உடைப்பதில்லை. தமிழில் வாசகத்தைக் கேட்டுவிட்டு உடனே வேறு மொழியில் பதிலுரை பாடினால், கேட்ட வார்த்தை மனத்தில் இறங்க நேரமே இருக்காது. மற்ற மொழிக்காரர்களுக்கு வாசகத்தின் உரை திரையில் ஓடும்.

இன்னொன்று. கூட்டத்துக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போகாதீர்கள். முழு இரவுக்குமான நிரலை, எல்லா மொழிகளுக்கும் சேர்த்து, நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழுக்கு மட்டும் கேட்டால் அது கோரிக்கை. எல்லோருக்கும் யோசித்து எழுதிக்கொண்டு போனால் கூட்டமே அந்தத் தாளை வைத்துத்தான் பேசும்.

---

ஆயர்ஈத்தாம்_அண்ணன்
ஞாயிறு, இரவு 10.58

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கலப்புப் பூசையில் யாருக்குமே நிறைவு இல்லை. தமிழ் வாசகம் வரும்போது பாதிக் கோயில் திரையைப் பார்க்கிறது, சீன வாசகம் வரும்போது மறுபாதி கைப்பேசியைப் பார்க்கிறது. மறையுரையில் ஃபாதர் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசிவிட்டுத் தமிழில் இரண்டு வரி சொல்வார். அந்த இரண்டு வரிக்காக என் அம்மா மூட்டு வலியோடு இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டுமா?

தமிழர்களுக்குத் தனியாக ஒரு திருவிழிப்பு வைக்கக் கேளுங்கள். மணி, தபேலா, நம் பாட்டு, நம் மறையுரை என்று முழுமையாக இருக்கட்டும். கோயில் ஒன்றுதான் என்றால் பக்கத்தில் மண்டபம் இருக்கிறது. பெரியவர்கள் தானாக வருவார்கள்.

---

கோயில்பிள்ளை
திங்கள், காலை 6.20

அண்ணே, உங்கள் அம்மாவின் வலி புரிகிறது. ஆனால் மண்டபத்தில் தனித் திருவிழிப்பு என்பது நடக்காது. பங்குத்தந்தை பிடிவாதக்காரர் என்பதால் அல்ல, சட்டமே அப்படி.

1988இல் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் பாஸ்கா கொண்டாட்டங்கள் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டது. தனிக் குழுக்களுக்கென்று திருவிழிப்பு நடத்துவதை ஊக்குவிக்க வேண்டாம், அந்த இரவில் விசுவாசிகள் ஒன்றாகக் கூடித் தாங்கள் ஒரே திருச்சபை என்பதை உணர வேண்டும் என்று அதில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சமூகங்கள் சிறியவையாக இருந்தால் ஒரே கோயிலில் கூடுவது நல்லது என்றும் சொல்கிறது. புனித வியாழனுக்கு ஆயர் அனுமதித்தால் இன்னொரு திருப்பலி வைக்க இடமுண்டு. பெரிய வெள்ளி வழிபாட்டையும் தேவைப்பட்டால் ஆயர் அனுமதியோடு மறுபடி நடத்தலாம். சனிக்கிழமை இரவு மட்டும் அப்படி இல்லை.

அதே மடல் ரெலாவ் அக்காவுக்கும் உதவும். திருவிழிப்பில் மொத்தம் ஒன்பது வாசகங்கள்: பழைய ஏற்பாட்டில் ஏழு, புதியதில் இரண்டு. முடிந்த இடங்களில் எல்லாம் ஒன்பதையும் வாசிக்க வேண்டும் என்பதுதான் திருச்சபையின் விருப்பம். நெருக்கடி இருந்தால் பழைய ஏற்பாட்டு வாசகங்களை மூன்றாகக் குறைக்கலாம், மிக அவசரம் என்றால் இரண்டு. ஆனால் விடுதலைப் பயணம் 14, அதாவது செங்கடலைக் கடக்கும் வாசகம், அதை ஒருபோதும் விடக் கூடாது.

ஆகவே நேரம் இல்லை என்று யாராவது சொன்னால், எத்தனை வாசகம் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மூன்று வைத்திருந்தால் ஐந்தாக்கச் சொல்லுங்கள். அந்த இரவு நீளமாக இருக்க வேண்டிய இரவு. வாசகங்கள் கூடினால் எல்லா மொழிக்கும் இடம் தானாக வரும். தமிழுக்காக இன்னொருவரிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை.

---

ஷிஃப்ட்_வேலை
திங்கள், காலை 7.05

நீளமாக வையுங்கள் என்பது சரி ஐயா, ஆனால் எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. போர்னியோ பக்கத்துச் சபா, சரவாக் மாநிலங்களில் மட்டும்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வெள்ளி பிற்பகல் 3 மணி வழிபாட்டுக்கே இருக்கும் லீவை எடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை வேலை முடிந்து நேராகக் கோயிலுக்கு வருகிறவர்கள் நிறைய பேர், அதில் சபா சரவாக் பிள்ளைகளும் உண்டு. பூசை 11 மணிக்கு முடிந்தால் பஸ் கிடைப்பது பாடு.

சீக்கிரம் தொடங்க முடியாதா?

---

கோயில்பிள்ளை
திங்கள், காலை 7.31

தம்பி, இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். பினாங்கில் அந்த மாதத்தில் சூரியன் மறையவே 7.30 ஆகிவிடுகிறது. அதனால் 8 மணிக்கு முன் முடியாது. சாதாரண சனிக்கிழமை மாலைப் பூசை நேரத்தில் திருவிழிப்பை வைப்பதை அந்த மடல் கண்டித்தே சொல்கிறது.

வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஆள் ஏற்பாடு செய்வது பங்கின் கடமை. கார் வைத்திருக்கிறவர்கள் பெயரையும் போகும் திசையையும் குருத்து ஞாயிறு அன்றே வாசலில் எழுதி வாங்கலாம். எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில், அப்படித்தான் செய்கிறோம். பெரியவர்களுக்கும் அதுவே வழி.

---

பினாங்குரோடு_தாத்தா
திங்கள், பிற்பகல் 2.40

நான் எழுத்தில் மெதுவானவன். பேரன் உட்கார்ந்து தட்டித் தருகிறான்.

இந்த ஊரில் மொழிக்கு ஒரு கோயில் என்றுதான் முன்னோர் கட்டினார்கள். ஃபார்குவார் தெருவில் விண்ணேற்பு மாதா கோயில், அதன் பங்கு 1786இலேயே தொடங்கியது, யுரேசியருக்கும் ஐரோப்பியருக்கும். தமிழருக்குப் பினாங்கு ரோட்டில் சவேரியார் கோயில். சீனருக்கு மெக்கலிஸ்டர் ரோட்டில் வியாகுல மாதா கோயில். நடந்துபோகும் தூரத்தில் மூன்று கோயில்கள். பிரெஞ்சுக் குருக்கள் அந்தந்த மொழியைப் படித்துக்கொண்டு வந்து அந்தந்த மக்களோடு இருந்தார்கள். அவர்கள் செய்தது தப்பில்லை. ஊர்விட்டு ஊர் வந்து கிடந்தவனுக்குத் தன் பாஷையில் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு சாமியார் கிடைத்ததே பெரிய ஆறுதல்.

ஆனால் அப்போது பூசை எல்லாருக்கும் லத்தீன். நாங்கள் பூசை நடக்கும்போது தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்போம். 1963இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்குக் கதவு திறந்த பிறகுதான் தமிழில் பூசை கேட்டோம். முதல் முறை தமிழில் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சாமியார் சொன்னபோது என் தகப்பனார் பதில் சொல்ல முடியாமல் நின்றார். அழுதுவிட்டார்.

அதனால் தமிழை விடாதே மகளே. அதே நேரம் சீனரிடமிருந்தும் ஒதுங்காதே. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்கு ஜூலை 26ஐ ஒட்டி லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பூசைகள் பல மொழியில் தனித்தனியாக நடக்கும். மெழுகுத்திரிப் பவனி என்று வரும்போது ஒரே கூட்டம். இந்துக்களும் புத்தர்களும்கூட அதில் நடக்கிறார்கள். அங்கே யாரும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று வீட்டுக்குப் போனதில்லை.

---

மாணவி_கெலுகோர்
திங்கள், மாலை 6.12

தாத்தா, உங்கள் பதிவை என் அறைத்தோழிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சரவாக்கைச் சேர்ந்த இபான் இனப் பெண், கத்தோலிக்கர்.

எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் வயதில் தமிழ்ப் பாடகர் குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவோம், எழுத்து வாசிக்கத் தடுமாறுவோம். பாட்டு ரோமன் எழுத்தில் இருந்தால்தான் பாட முடியும். இதற்காகப் பெரியவர்களிடம் வாங்கும் திட்டு கொஞ்சமல்ல. "தமிழ் எழுத்து தெரியாமல் தமிழ்ப் பாட்டு என்ன" என்கிறார்கள். திட்டினால் நாங்கள் ஆங்கிலப் பூசைக்குப் போய்விடுவோம், அங்கே யாரும் எங்களைக் கேள்வி கேட்பதில்லை. அப்படிப் போனவர்கள் நிறைய.

திரையில் இரண்டும் போடலாமே: மேலே தமிழ் எழுத்து, கீழே ரோமன். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. போன கிறிஸ்துமஸில் ஒரு தமிழ்ப் பாட்டின் பல்லவியை ரோமனில் போட்டிருந்தார்கள். சீன ஆன்ட்டிகளும் என் இபான் தோழியும் சேர்ந்து பாடினார்கள். உச்சரிப்பு அப்படி இப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பல்லவிக்குக் கோயிலே எழுந்து நின்றதுபோல் இருந்தது.

---

பட்டர்வொர்த்_வாசகர்
திங்கள், மாலை 6.50

மேற்கோள்: "மேலே தமிழ் எழுத்து, கீழே ரோமன்"

தங்கச்சி சொல்வதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன், ஆனால் பாட்டுக்கு மட்டும். வாசகத்துக்கு வேண்டாம். வாசகர் மேடையில் ஏறுகிறவர் திருவிவிலியத்தைத் தமிழ் எழுத்தில் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ரோமனில் எழுதி வைத்து வாசித்தால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். பாரூக்கு, எசேக்கியேல் போன்ற வாசகங்களில் நீண்ட வாக்கியம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு நான் உட்கார்ந்து சொல்லித்தரத் தயார். இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை.

---

மருமகள்_புலாவ்தீக்குஸ்
திங்கள், இரவு 9.30

என் கணவர் சீனர். எங்கள் வீட்டில் ஆங்கிலமும் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியும் என் மகளோடு தமிழும் ஓடும். அதனால் இந்தப் பேச்சை இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிறேன்.

தமிழர்கள் நினைப்பதுபோல் சீனக் குழு நிறைவாக இல்லை. என் மாமியாருக்கு மண்டரின் அவ்வளவாக வராது, ஹொக்கியன்தான். திருவிழிப்பில் சீன வாசகம் வரும்போது அவருக்கும் பாதிதான் விளங்குகிறது. "எல்லாமே ஆங்கிலமாகிவிட்டது, தமிழர்களாவது சத்தமாகப் பாடுகிறார்கள்" என்று அவர் ஒரு முறை சொன்னார். உண்மையில் அவர்களும் நம்மைப் போலவே ஏக்கத்தோடுதான் இருக்கிறார்கள். அக்கா, கூட்டத்துக்கு முன் சீனக் குழுவின் பொறுப்பாளரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். ஒரு காப்பி குடித்துக்கொண்டே பேசலாம். இரண்டு குழுவும் ஒரே தாளோடு வந்தால் கூட்டம் வேறு மாதிரி நடக்கும்.

திருமுழுக்கு பற்றியும் ஒன்று. புதிதாகத் திருமுழுக்குப் பெறுகிறவரிடம் "விசுவசிக்கிறீர்களா" என்று கேட்கும் கேள்வி அவருடைய தாய்மொழியில் இருக்கட்டும். மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடக் கூடாது. என் கணவர் திருமுழுக்குப் பெற்றபோது குரு அந்தக் கேள்வியை மட்டும் மண்டரினில் கேட்டார். என் மாமனார் கிறிஸ்தவர் இல்லை. ஒரு மரியாதைக்காக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், மகன் பதில் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். மகன் என்ன வாக்குக் கொடுக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

---

செந்தூல்_அண்ணி
செவ்வாய், காலை 10.05

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பங்கில் நான்கு மொழிகள். பல ஆண்டு அனுபவத்தில் நாங்கள் கண்டுகொண்டதைச் சொல்கிறேன். வழிபாட்டின் அமைப்பே நமக்கு உதவி செய்கிறது, அதைக் கவனித்துப் பார்த்தால் போதும்.

பாஸ்கா திரியை ஏந்தி உள்ளே வரும்போது "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று மூன்று முறை பாட வேண்டும்: வாசலில் ஒன்று, நடுவில் ஒன்று, பீடத்தின் முன் ஒன்று. மூன்று முறைக்கு மூன்று மொழி. ஒரு நிமிடம்கூடக் கூடாது. திருமுகத்துக்குப் பிறகு வரும் அல்லேலூயாவும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதி ஒரு படி ஏறும். அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. திருமுழுக்கு வாக்குறுதிகளிலும் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்பவை மூன்று, விசுவசிக்கிறீர்களா என்று கேட்பவை மூன்று. பெரிய வெள்ளியில் சிலுவையைக் காட்டி அழைப்பதும் மூன்று முறை. அன்றைய பெரிய மன்றாட்டுகள் பத்து இருக்கின்றன; எத்தனை மொழி இருந்தாலும் தாராளமாகப் பிரிக்கலாம்.

புனிதர் மன்றாட்டு மாலையில் எந்த மொழியில் புனிதரின் பெயரைச் சொன்னாலும் மக்கள் கேட்டவுடன் பதில் சொல்வார்கள். நாங்கள் அதில் அருளானந்தர், தேவசகாயம் பெயர்களையும் சேர்ப்போம். தேவசகாயம் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர், குடும்பஸ்தர், நம் மொழி பேசியவர். அந்தப் பெயர் வரும்போது எங்கள் பெரியவர்கள் சொல்லும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" வேறு மாதிரி ஒலிக்கும்.

மறையுரைக்கு எங்கள் வழி: ஃபாதர் ஒரே மொழியில் பேசுகிறார். முந்தின வாரமே சுருக்கத்தைக் கொடுத்துவிடுவார். அதை மற்ற மொழிகளில் பெயர்த்து, பெரிய எழுத்தில் அரைப் பக்கம் அச்சடித்து வாசலில் கொடுப்போம். வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு அன்பியத்தில் அந்த வாரமே வீட்டில் போய் வாசித்துக் காட்டுகிறோம். ஆயர் ஈத்தாம் அண்ணன் அம்மாவுக்கு இது உதவலாம்.

பொதுப் பாட்டுகளில் "தூயவர்", "உலகின் பாவம் போக்கும்" இரண்டையும் லத்தீனில் வைத்திருக்கிறோம். பல நாட்டு மக்கள் கூடும்போது சில பகுதிகளையாவது எல்லோரும் லத்தீனில் பாடத் தெரிந்திருப்பது நல்லது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 41ஆம் எண்ணில் இருக்கிறது. யாருடைய மொழியும் இல்லாததால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் பாட்டிமாருக்கு அவை மனப்பாடம்.

---

ஆயர்ஈத்தாம்_அண்ணன்
செவ்வாய், பிற்பகல் 1.20

அண்ணி, அரைப் பக்க அச்சு நல்ல யோசனை. கோயில்பிள்ளை சொன்ன சட்டத்தையும் ஏற்கிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பகுதிகளை எவ்வளவு அழகாகப் பிரித்தாலும், ஒரு மக்கள் தங்கள் மொழியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வழிபாட்டில் மூழ்குவதற்கு அது ஈடாகாது. எனவே தவக்காலத்தில் தமிழுக்கென்று முழுமையாக ஏதாவது இருக்கட்டும். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை தமிழில் தனியாக நடக்கட்டும். பெரிய வெள்ளி இரவு வியாகுலப் பிரசங்கம் முன்பு நடந்ததே, மாதாவின் துயரத்தைச் சொல்லிச் சொல்லி வாசிப்பார்கள், கோயிலே விம்மும். இப்போது வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். அதை மீட்டெடுத்தால் சனிக்கிழமை கலப்பு வழிபாடு எனக்கும் அம்மாவுக்கும் பாரமாக இருக்காது.

---

ரெலாவ்_அக்கா
செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வாசித்து வாசித்துத் தாளில் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணே, நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வியாகுலப் பிரசங்கத்துக்கு யாருடைய அனுமதியையும் விட முதலில் வேண்டியது வாசிக்கிற குரல்கள். தாத்தா வயதுக்காரர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும். அதைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

வியாழனுக்கு நான் கொண்டுபோவது இது. பழைய ஏற்பாட்டு வாசகங்களை மூன்றிலிருந்து ஐந்தாக்க வேண்டும்: படைப்பு ஆங்கிலத்தில், ஆபிரகாம் மலாயில், செங்கடல் தமிழில், எசாயா 55 சீனத்தில், எசேக்கியேல் ஆங்கிலத்தில். செங்கடலைத் தமிழுக்குக் கேட்கக் காரணம், அதை எந்த ஆண்டும் யாராலும் வெட்ட முடியாது. கோயில்பிள்ளை ஐயா அந்த வரியை எழுதியதும் எனக்கு வெளிச்சம் வந்தது. எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அந்த இரவிலிருந்து கழற்ற முடியாத ஓர் இடத்தில் தமிழ் இருக்க வேண்டும். கப்பலேறி வந்த மக்களின் பிள்ளைகள் கடல் பிளந்த கதையை வாசிப்பதும் பொருத்தம்தான்.

மலாயை நான்காவது மொழியாகச் சேர்த்ததை எங்கள் குழுவிலேயே சிலர் விரும்பவில்லை. நமக்கே இடம் இல்லை என்கிறார்கள். நான் இணங்க மாட்டேன். சரவாக் பிள்ளை ஒருத்தி வேலை முடிந்து களைப்போடு வந்து, தனக்குப் பழகிய மொழியில் ஒரு வார்த்தையும் கேட்காமல் திரும்பினால், எனக்கு நடந்ததைத்தானே நான் அவளுக்குச் செய்கிறேன்?

சீனக் குழுப் பொறுப்பாளரை நாளை மாலை பார்க்கிறேன். அவர்தான் காப்பிக்கடையைச் சொன்னார்.

---

மருமகள்_புலாவ்தீக்குஸ்
புதன், காலை 8.15

நல்லது அக்கா. அவரிடம் சீன வாசகத்தின் பதிலுரைப்பாடலில் நம் தபேலாவைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மீட்பின் ஊற்றுகளிலிருந்து தண்ணீர் முகப்பதைப் பற்றிய பாட்டுதானே அது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை செய்தார்கள், எடுபட்டது.

---

ரெலாவ்_அக்கா
வெள்ளி, காலை 7.25

நேற்றுக் கூட்டம் முடிய இரவு 10.30 ஆகிவிட்டது.

வாசகங்கள் ஐந்து கிடைக்கவில்லை, நான்கு. எசேக்கியேலை விட்டார்கள். அதனால் ஒரு மொழிக்கு ஒன்று என்று சமமாக வந்துவிட்டது. செங்கடல் வாசகம், அதன் பாடல், செபம் மூன்றும் தமிழில். சீனக் குழு முதலிலேயே ஆதரவு கொடுத்ததால் இதில் விவாதமே எழவில்லை. "கிறிஸ்துவின் ஒளி" மூன்றாவது முறை, பீடத்தின் முன், தமிழில். மன்றாட்டு மாலையில் தேவசகாயம் பெயர் சேர்கிறது. திருமுழுக்குப் பெறுகிறவர்களில் இரண்டு பேர் தமிழர்கள். அவர்களுடைய கேள்விகள் தமிழில்.

பாஸ்கா திரி உள்ளே வந்ததும் பாடும் பாஸ்காப் புகழுரையை மொழிகளுக்கிடையே சுழற்சி முறையில் பாடக் கேட்டேன். இந்த ஆண்டு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். அடுத்த ஆண்டுக்கு மறுபடி கேட்பேன். நீண்ட ராகம், இப்போதே ஒருவரைப் பயிற்றுவிக்கத் தொடங்க வேண்டும். மறையுரைச் சுருக்கத்துக்கு ஃபாதர் சம்மதம் சொல்லிவிட்டார், பெயர்க்கும் பொறுப்பு என்னுடையது. திரையில் ரோமன் எழுத்தும் வருகிறது, பாட்டுகளுக்கு மட்டும்.

பட்டர்வொர்த் வாசகரே, செங்கடல் வாசகத்துக்கு நான் நினைத்திருப்பது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு எழுத்தை விட்டவள். குரல் நன்றாக இருக்கிறது, வாசிப்பு திக்குகிறது. சொல்லித்தருவதாகச் சொன்னீர்களே?

---

பட்டர்வொர்த்_வாசகர்
வெள்ளி, காலை 7.48

சொன்னேன், வருகிறேன். அடுத்த சனிக்கிழமை பிற்பகல் ஃபெர்ரியில் வந்துவிடுகிறேன், 3 மணிக்கு ஜெட்டியில் யாராவது ஏற்றிக்கொள்ளுங்கள். விடுதலைப் பயணம் 14:15 முதல் 15:1 வரை அவள் கைப்பட ஒரு முறை தமிழில் எழுதிக்கொண்டு வரட்டும். "பார்வோனின் தேர்கள், குதிரை வீரர்கள்" என்று திரும்பத் திரும்ப வரும் இடங்களில்தான் எல்லோரும் வேகமெடுத்துவிடுவார்கள். அந்த வரிகளின் கீழே கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

மாணவி_கெலுகோர்
வெள்ளி, காலை 8.30

அண்ணா, நானும் வரலாமா? வாசகத்துக்கு இல்லை, எழுத்துக்காக. என்னோடு இன்னும் இரண்டு பேர் வருவார்கள்.

---

பட்டர்வொர்த்_வாசகர்
வெள்ளி, காலை 8.34

வாருங்கள். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் எழுதினால் கை பழகாது.